அரைச் சாக்கு

என் கணவர் ஆறு வருஷம் ஆளைத் தள்ளிச் சம்பாதித்தவர். கேலிக்குச் சொல்லவில்லை, அவருடைய உத்தியோகமே அதுதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிய ஒருவன் பின்னால் தயாராக நிற்பான். அவனைக் காப்பாற்ற ஐந்து தடியர்கள் அவனுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே, ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்தபடி இன்னொரு வரிசை. அந்த இரண்டாவது வரிசையின் நடுவில்தான் என் கணவர். முன்னால் நிற்பவனைத் தள்ளி விலத்திக்கொண்டு போய், பந்து கையை விட்டுப் போவதற்குள் எறிகிறவனை விழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அப்படி விழுத்துவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சாக்’. என் அப்பா அதைச் சாக்கு ஆக்கினார். யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேஜராக இருந்தவர். அரிசியும் மாவும் சீனியும் சாக்கில்தான் வரும். அமெரிக்காவில் ஒருவனை விழுத்தினால் ஏன் சாக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். தமிழில் சாக்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அந்தச் சாக்கை எங்கள் வீட்டில் அதிகம் சொன்னவள் நான்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கணவருடைய ஆட்டம் முடிந்தது ஒரு போன் காலால். அந்த போனை எடுத்தவள் நான். எட்டு வருஷமாக அந்தப் பழியைச் சுமப்பவர் அப்பா. நியூசிலாந்தில், லின்ஃபீல்டில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்களும் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையும் இருக்கிறோம். பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது. பெரியவர்களில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கே போன மாதம்தான் விளங்கியது. ஆனாலும் முதலில் நல்ல காலத்தைச் சொல்கிறேன். எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை.

என் கணவரை முதலில் கண்டது மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் நான் ஏறிய காலை ரயிலில். அம்மா தவறிய பிறகு அப்பாவும் நானும் நியூசிலாந்துக்கு வந்து, அங்கே ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். நான் பார்மசி படிக்க நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு மர ஆலையில் வேலை. பிறந்தது ஒக்லாந்தில், தாய் தகப்பன் டோங்காவிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேர் இருக்க வேண்டிய சீட்டை ஒற்றை ஆளாக நிரப்பிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி முழுச் சீட்டையும் தந்தார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் இறங்குகிற ஸ்டேஷன் வந்துவிட்டது.

அதைச் சொல்லி இன்றைக்கும் அவரைச் சீண்டுவேன். ‘நீ உட்காரவேண்டும் என்றுதானே இறங்கினேன்’ என்பார். மகா பொய். நாங்கள் இருவரும் இங்கிலீஷில்தான் கதைப்போம். இங்கே தமிழில் எழுதும்போது அவர் கொஞ்சம் சாதுவாகத் தெரிகிறார். உண்மையில் வாய்க்காரர்.

சனிக்கிழமைகளில் ரக்பி விளையாடுவார். ஒருநாள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் தேடி வந்தவர் அவர் ஓடுவதைக் கண்டார். இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு வேகமாகத் திரும்புமா என்று மலைத்துப்போய், படிப்புச் செலவை நாங்கள் பார்க்கிறோம் வா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான்கு வருஷம் போனிலேயே காதலித்தோம். படிப்பு முடிய ஒரு பெரிய அணி அவரை எடுத்தது. அந்தக் கடிதத்தோடு அவர் அப்பாவைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, டோங்காக்காரர் இடுப்பில் கட்டும் பாய், கையில் ஒரு பெட்டி மாம்பழம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பெடியன் நல்ல பெடியன்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போறான். ஆனா ஆளைத் தள்ளுறது ஒரு உத்தியோகமோ பிள்ளை? ஆர் இதுக்குச் சம்பளம் குடுக்கிறது?”

“கடிதத்திலை போட்டிருக்குத்தானே அப்பா.”

“அதைத்தான் நானும் பாத்தனான். அமெரிக்கனுக்கு விசர்.”

அமெரிக்கனுக்குப் பைத்தியம் என்ற அந்த அடிப்படையில்தான் எங்கள் கலியாணம் நடந்தது. அவர்கள் பக்கத்தில் பன்றி சுட்டுப் பாய் பாயாக விரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ரோல்ஸும் கட்லட்டும். அவருடைய மாமிமார் கட்லட்டை ஒரு வாய்க்கு ஒன்றாகச் சாப்பிட்டதைப் பார்த்த எங்கள் சனம், சமையலுக்கு இனி வேறு கணக்குப் போட வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டது.

முதல் மூன்று வருஷம் அவரோடு அமெரிக்காவில் இருந்தேன். வேலை செய்ய எனக்கு விசா இல்லை. பனி முழங்கால் வரை கிடக்கும் ஒரு ஊர். நான் இடியப்பம் அவிப்பேன், அவர் சாப்பிடுவார். அப்போது அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘ஓம்’. எத்தனை வைக்கட்டும் என்று கேட்டாலும் ஓம், போதுமா என்றாலும் ஓம். ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்ப அவருக்குக் கால் மணித்தியாலம் எடுக்கும். முதலில் உருண்டு, பிறகு ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு சுவரைப் பிடித்து. நான் பார்த்துச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். இருபத்தைந்து வயதில் அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த விளையாட்டில் ஆளை அணியை விட்டு நிற்பாட்டுவதை ‘கட்’ என்பார்கள். இரண்டாவது வருஷத் தொடக்கத்தில் அவரை அப்படி நிற்பாட்டினார்கள். நான் அழுதுகொண்டே அப்பாவுக்கு போன் பண்ணி, ‘அவரைக் கட் பண்ணிப்போட்டாங்கள்’ என்றேன். அப்பா உடனே கனடாவில் இருக்கிற சித்திக்கு அதைத் தமிழாக்கிச் சொன்னார்.

“மருமகனை வெட்டிப்போட்டாங்கள்.”

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வசனம் எப்படிக் கேட்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. சித்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம். பின்னேரத்துக்குள் அவருடைய செபக்கூட்டம் முழுக்க முழந்தாளிட்டு, செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி மன்றாட்டைச் சொல்லி முடித்துவிட்டது. பிறகுதான் சித்தி எனக்கு போன் எடுத்தார்.

“பிள்ளை, நீ எப்பிடித் தாங்கிறாய்?”

“என்ன செய்யிறது சித்தி, வேற இடம் பாப்பம் எண்டிருக்கிறம்.”

“அடியே, இவ்வளவு கெதியாவோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இவர் சோறு சாப்பிடுறார் சித்தி, குடுக்கட்டே?” என்றேன். என் கணவர் போனை வாங்கித் தன் ஒரே தமிழைச் சொன்னார்: “ஓம்.”

செத்தவர் மூன்று வாரத்தில் வேறொரு அணியில் சேர்ந்தார்.

அந்த வருஷம்தான் அரைச் சாக்கு. எறிகிறவனை இரண்டு பேர் சேர்ந்து விழுத்தினால் ஆளுக்குப் பாதி என்று எழுதுவார்கள். என் கணவருக்கு அன்றைக்கு அப்படிப் பாதி விழுந்தது. நான் சந்தோஷமாக அப்பாவுக்குச் சொன்னேன்.

“அரையோ? அரைச் சாக்கெண்டா என்ன? மற்ற அரை ஆருக்கு?”

விளக்கினேன். அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. லின்ஃபீல்டில் வாங்கிய புது வீட்டில், இதற்கென்றே பணம் கட்டி எடுத்த டிவி சானலில், அவர் அந்த ஆட்டத்தை இரண்டு தரம் பார்த்திருந்தார்.

“இவர்தானே முதல் பிடிச்சவர். மற்றவன் பிறகு வந்து மேல விழுந்தவன். எனக்குக் கண் தெரியாதோ?”

அப்பா மனுப் போட்டார். உண்மையாகத்தான். சங்கக்கடையில் மேலதிகாரிகளுக்கு எழுதிய அதே இங்கிலீஷில், மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, இன்ன ஆட்டத்தில் இன்ன நேரத்தில் என் மருமகனுக்கு உரிய மற்ற அரையும் அவருக்கே சேர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டு, அந்த அணியின் விலாசத்துக்கு ஒரு கடிதம். பதில் வரவில்லை. அதன் பிரதியை எனக்கு அனுப்பினார். நான் வாசித்துக் காட்ட, என் கணவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. தனக்காக இதுவரை யாரும் மனுப் போட்டதில்லை என்றார். அந்தக் கடிதத்தோடுதான் இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

மகள் பிறந்த பிறகு நான் ஒக்லாந்துக்குத் திரும்பி, பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் ஆட்டக் காலத்தில் அங்கே, மற்ற மாதங்களில் இங்கே. அமெரிக்காவில் ஞாயிறு மத்தியானம் என்றால் எங்களுக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணி. அந்தத் திங்கட்கிழமைகளில் அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றி, கோயிலுக்குப் போகிறவர் போல டிவிக்கு முன்னால் இருப்பார். பாணும் சம்பலும், தேத்தண்ணி. மடியில் என் மகள். எறிகிறவனுக்கு அப்பா எறிகாரன் என்று பெயர் வைத்திருந்தார். எறிகாரன் விழுந்தால் என் மகள் கை தட்டுவாள். எங்கள் ஆட்களின் எறிகாரன் விழுந்தாலும் தட்டுவாள். அப்பா அவளைத் திருத்தியதே இல்லை.

வரிசையின் நடுவில் நிற்பவருக்குச் சாக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அவரை மறிக்க எதிரணி இரண்டு பேரை அனுப்பும். அவர் அந்த இரண்டு பேரையும் தன்னோடு கட்டி வைத்திருந்தால் பக்கத்தில் வழி திறக்கும், வேறொருவன் ஓடிப் போய்ச் சாக்கை எடுத்துக்கொள்வான். பேப்பரில் அவன் பெயர் வரும். முதலில் இது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மற்றவன் சாக்கெடுக்க இவர் ஏன் அடி வாங்குகிறார் என்று முணுமுணுப்பார். ஒரு வருஷத்துக்குள் ஆள் மாறிவிட்டார்.

“பந்தைப் பாக்காதை பிள்ளை. பந்து போற இடத்திலை ஒண்டும் இல்லை. நடுவைப் பார். ரெண்டு பேரைப் பிடிச்சிருக்கிறார்.”

கோடிப் பேர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, லின்ஃபீல்டில் ஒரு மனிதர் மட்டும் என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு அவர் போன் எடுப்பார். என்னோடு இரண்டு வார்த்தை, மகளோடு நாலு வார்த்தை, பிறகு “மாமாவிடம் கொடு.” அதற்குள் அவருக்கு அப்பாவின் தமிழ் விளங்கத் தொடங்கியிருந்தது.

“மாமா, சாக்கு இல்லை.”

“பரவாயில்லைத் தம்பி. ரெண்டு பேரைப் பிடிச்சனீர். பதினொரு தரம். நான் எண்ணினனான்.”

நான் பக்கத்தில் நின்று பொறாமைப்பட்டிருக்கிறேன். மனைவிக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என்னையே கோபித்திருக்கிறேன். எனக்கு அவருடைய முழங்கால் மட்டும்தான் தெரிந்தது. மூன்று ஒப்பரேஷன் செய்த முழங்கால். அவர் என்னென்ன குளிசை எடுக்கிறார், எதற்கு மேல் எதை எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். அந்தக் குளிசைகளை வேறு யாராவது என் கடைக்கு வந்து கேட்டிருந்தால், கொடுக்காமல் டொக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

ஏழாவது வருஷம், ஆட்டக் காலம் தொடங்குமுன் அவரை மறுபடி நிற்பாட்டினார்கள். இம்முறை வேறு அணி கூப்பிடவில்லை. அவர் லின்ஃபீல்டுக்கு வந்து காத்திருந்தார். நடுக் காலத்தில் எங்காவது ஒருவன் காயப்படுவான், அப்போது கூப்பிடுவார்கள், உடம்பைத் தயாராக வைத்திரு என்று அவருடைய ஏஜென்ட் சொல்லியிருந்தார். அவரும் வைத்திருந்தார். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளியலறைக்குள்ளும் கொண்டு போவார். திங்கட்கிழமை காலைகளில் அப்பாவோடு அவரும் டிவிக்கு முன்னால் இருப்பார். செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. மேசையில் போன் லேசாக அதிர்ந்தாலும் வீடு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, நவம்பர். எனக்கு லீவு. பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் குளிக்கலாம், இறங்கினால் சேறு. அன்றைக்குப் பதினொரு மணிக்கு நிறைதண்ணீர். நாலு பேரும் போனோம். கார் நிற்பாட்டிய இடத்திலிருந்து கரைக்கு இறங்கும் படியில், என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். மகளுக்கு அப்போது மூன்று வயது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அப்பா தூக்கினார். என் கணவர் எங்கோ பார்ப்பதுபோல் நின்றார். தண்ணீருக்குள் போகுமுன் போனை என்னிடம் தந்து, அடித்தால் கூப்பிடு என்றார்.

அடித்தது. ஏஜென்ட். ஒரு அணியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் காயம். இவரைப் பார்க்க வேண்டுமாம். இன்றைக்குப் போகிற பிளேனில் ஏற வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவார்களாம்.

“அவர் தண்ணீரில் நிற்கிறார். எடுக்கச் சொல்கிறேன்,” என்று வைத்தேன்.

அவர் முப்பது கஜ தூரத்தில் நின்றார். மகள் அவர் தோளில் இருந்து அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். போனைப் பைக்குள் போட்டு, அதற்கு மேல் துவாயைப் போட்டேன்.

பக்கத்து வாங்கிலில் அப்பா இருந்தார். என் இங்கிலீஷை அவர் கேட்டிருந்தார்.

“ஏஜென்டோ?”

“ஓம்.”

“கூப்பிடன் அவரை.”

“அவருக்கு முழங்கால் ஏலாது அப்பா. படியிலை பாத்தனீங்கள்தானே.”

“முழங்கால் சாக்கு, பிள்ளை. உனக்குப் பயம்.”

“அரைவாசிதான் சாக்கு,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை. என் பயம் அவருடைய முழங்காலைப் பற்றி மட்டும் அல்ல. அவரை வழியனுப்பி, திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை அவர் எழும்புகிறாரா என்று டிவியில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எனக்கு இனித் தெம்பு இல்லை. அது என்னுடைய களைப்பு. அதற்காக அவருடைய ஒரு மணித்தியாலத்தை நான் எடுத்துக்கொண்டேன். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரும் கூப்பிடவில்லை. மருமகனை எவ்வளவு பிடித்தாலும் அவர் என் அப்பா.

பிறகு மீனும் சிப்ஸும் வாங்கிப் புல்லில் இருந்து சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து சேர மூன்று மணி. அவர் போனைக் கேட்டார், கொடுத்தேன். ஏஜென்ட் செய்தி போட்டிருந்தார், அதில் அவர் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பதில் இல்லாததால் வேறொருவரை எடுத்துவிட்டார்கள், மன்னிக்கவும். அவர் அதைக் குசினிக்குள் நின்றபடியே வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“யாராவது போன் எடுத்தீர்களா?” என்று கேட்டார்.

எனக்கு வாயைத் திறக்க மூன்று செக்கன் இருந்தது. அப்பா முந்திக்கொண்டார்.

“நான் தம்பி. பிள்ளை கடைக்குப் போன நேரம் அடிச்சது. எடுத்தனான். உமக்குச் சொல்ல மறந்து போனன்.”

என் கணவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஓம் மாமா,” என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போனார். நான் போய்த் துவாய்களை உதறிக் காயப்போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் டிவிக்கு முன்னால் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, டிவியைப் போடாமல், தேத்தண்ணியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார். அந்தச் சானலை நிற்பாட்டச் சொன்னவரும் அவர்தான். சண்டை இல்லை, முகம் திருப்புதல் இல்லை. ஒருவருக்கொருவர் உப்பை எடுத்துக் கொடுத்தார்கள், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியரானார். ஆனால் ‘ரெண்டு பேரைப் பிடிச்சனீர்’ என்ற அந்தப் பேச்சு மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மகளுக்குக் காய்ச்சல், வீட்டுக் கடன், அப்பாவின் பிரஷர் என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

போன குளிர்காலத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நினைவு சில நேரம் முன்பின்னாகப் போகும். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் என் கணவர்தான் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார். அவர் குனிகிற விதத்தைப் பார்த்தாலே தெரியும், இது படித்த வேலை என்று. இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் அப்பாவின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, முழங்காலின் நோவை முகத்தில் காட்டாமல் ஒரே எழும்பல். வருகிற நேர்ஸ் கூட நின்று பார்ப்பார்.

அப்படித் தூக்கிய ஒரு காலையில்தான் அப்பா தொடங்கினார்.

“தம்பி, அண்டைக்கு உம்மட போன் வந்தது. நான் சொல்ல மறந்து போனன். என்னாலை உம்மட வேலை போச்சுது.”

“பரவாயில்லை மாமா.”

அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும். அவர் தோளில் முகம் பட்டவுடன் அப்பா மன்னிப்புக் கேட்பார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்பேன். தான் சொன்ன பொய்யை அப்பாவின் மூளை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டது என்று எனக்குப் பட்டது. எண்பது வயது மனிதர், செய்யாத பிழைக்குத் தினமும் காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாகப்போகிறார். கேட்க வேண்டியவள் பக்கத்து அறையில் சீனி கலக்குகிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்று சொன்னேன். அன்றைக்கு போன் எடுத்தது அப்பா இல்லை, நான். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.

அவர் மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கிளிப் போட்டார்.

“தெரியும்,” என்றார்.

“எப்போதிருந்து?”

“அன்றைக்கே. உன் மனைவிதான் எடுத்தார் என்று ஏஜென்ட் எழுதியிருந்தார்.”

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் இன்னொரு சட்டையை எடுத்து உதறினார்.

“நீ சொல்வாய் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை. உன் அப்பா உனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அந்த வயதில் ஒருவர் அப்படி நின்றால், அவரை விலத்திக்கொண்டு உன்னிடம் வர எனக்கு மனம் வரவில்லை.”

ஆறு வருஷம் ஆளை விலத்துவதையே உத்தியோகமாகச் செய்தவர் சொல்கிறார்.

“அப்படியென்றால் திங்கட்கிழமைகளில் ஏன் அவரோடு வந்து இருக்கவில்லை?”

“எனக்காக ஒரு காலத்தில் கடிதம் எழுதிய மனிதர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நானும் தெரியாதவன் மாதிரி எத்தனை நாள் இருப்பது?”

“இப்பவும் கோபமா?”

“ஓம்,” என்றார். அதை மட்டும் தமிழில் சொன்னார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்ற வரவில்லை. கூடையில் இருந்த கடைசித் துவாயையும் கொடியில் போட்டுவிட்டு, “என்னிடம் சொல்லி என்ன பயன்? போய் அவரிடம் சொல்லு. காலையில் அவரைத் தூக்கும்போது எனக்குத் தாங்கவில்லை,” என்றார்.

உள்ளே போனேன். அப்பா விழித்துப் படுத்திருந்தார். இன்னும் நாற்காலிக்கு மாற்றவில்லை. கட்டிலடியில் முழந்தாளிட்டு அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, அண்டைக்கு போன் எடுத்தது நான். நீங்கள் இல்லை. நீங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. இனி அவரிட்டை மன்னிப்புக் கேக்காதேங்கோ.”

அப்பா என்னைக் கனநேரம் பார்த்தார். குழம்பிய பார்வை இல்லை அது, பழைய மனேஜர் பார்வை. என் கைக்குள் இருந்து கையை எடுத்து, விரலை என் உதட்டில் வைத்தார்.

“மெல்லக் கதை பிள்ளை,” என்றார். “தம்பிக்குக் கேக்கும்.”

என் கணவர் அறை வாசலில், அவரைத் தூக்குவதற்காக ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.